அயர்லாந்தும் வேல்ஸும்

கெல்டிய மொழி வழங்கும் நாடுகளுள் அயர்லாந்தும் வேல்ஸும் அண்டை நாடுகள். வேல்ஸின் ஹோலிஹெட் துறையை விட்ட கப்பல் மூன்று மணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் டப்ளினை அடையும். ஆயினும் அயர்லாந்து தனிக் குடியரசு. வேல்ஸோ ஐக்கிய இராச்சியத்தின் ஓர் உறுப்பு. அதன் வெளியுறவு இலண்டனின் பொறுப்பு. அங்ஙனமாயின், இவ்விரு நாடுகளும் உறவு கொள்வது எவ்வாறு?

முதலில் கல்வியுறவைக் காண்போம். ஐந்து என்பதை வேல்ஸ் மொழி ‘பிம்ப்’ என்னும். ஐரிஷ் மொழி ‘கூயிக்’ என்னும். ஒன்றில் பகரம் வருமிடத்து மற்றதில் ககரம் வருதல் இம்மொழிகளின் இயல்பு. இனமொழிகளேயாயினும் ஒன்றைப் பேசுவோர்க்கு மற்றது விளங்காது. இவ்வுறவை வெளிப்படுத்தியது ஆராய்ச்சியே. 1940-இல் தோன்றிய டப்ளின் உயராய்வு நிறுவனம் கெல்டிய ஆய்வுக்கெனத் தனிப் பள்ளி அமைத்தது. முதல் அனைத்துலகக் கெல்டிய ஆய்வு மாநாடு 1959-இல் டப்ளினில் கூடியது. வேல்ஸின் அபெரிஸ்டுவித் பல்கலைக்கழகம் ஐரிஷ் மொழியையும் கற்பிக்கிறது. அண்மையில் அப்பல்கலைக்கழகமும் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியும், ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியுடன், இருகரைக் கடல்நீரின் தூய்மையைச் சேர்ந்து ஆராய்ந்தன.

வாணிகத்தில் வேல்ஸ் அயர்லாந்துக்கு ஒரு பாலம். ஐரிஷ் சரக்கு லாரிகள் ஹோலிஹெட்டில் இறங்கி, பிரிட்டனைக் கடந்து ஐரோப்பா செல்வது வழக்கம். 2020-இன் இறுதியில் ஐக்கிய இராச்சியம் ஐரோப்பியப் பொதுச் சந்தையை விட்டு நீங்கியது. சுங்கச் சோதனைகள் வந்தன. அயர்லாந்திலிருந்து பிரான்சுக்கு நேரே செல்லும் கப்பல்கள் பெருகின. வேல்ஸ் துறைகள் வழியே செல்லும் சரக்குக் குறைந்தது. ஒன்றியத்தின் பொருளுதவியும் வேல்ஸுக்கு நின்றது.

உறவு தளர வேண்டிய அவ்வேளையில் அதனைத் தாங்கியது எது? 1998-ஆம் ஆண்டுப் புனித வெள்ளி உடன்படிக்கையால் பிரிட்டிஷ்–ஐரிஷ் மன்றம் உருவாயிற்று. அதில் வேல்ஸ் அரசுக்கும் இடமுண்டு. 2009-இல் மூடப்பட்ட கார்டிஃபின் ஐரிஷ் துணைத் தூதரகம் 2019-இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2021 மார்ச்சில் இரு அரசுகளும் வாணிகம், கல்வி, பருவநிலை, மொழி, பண்பாடு முதலிய துறைகளில் 2025 வரைக்குமான கூட்டுச் செயல்திட்டம் வகுத்தன. வாணிகம் இடருற்ற ஆண்டே உறவை உறுதி செய்த ஆண்டுமாயிற்று.

இதனால் நாம் அறிவது யாது? இனவுறவு அன்புக்குக் காரணமாகலாம். அவ்வன்பு நிலைபெறத் துறைமுகமும் பல்கலைக்கழகமும் மன்றமும் வேண்டும். முழு அரசுரிமை இல்லாத நாடும், தனக்குள்ள சிறிய உரிமையைக் கொண்டே அண்டை நாட்டுடன் கைகோக்க இயலும் என்பதற்கு வேல்ஸ் சான்றாகும்.