மெயின் சுவிட்சை அணைத்துக் கேட்டுப் பார்

தென்காசி

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் ஹாம் ரேடியோ ரிக்கான மைக்ரோபிட்எக்ஸைக் கொடுத்துவிட்டு ஐகாம் 7300 வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டு ரிக்கின் விவரங்களையும் கட்டம் போட்டு எதிரெதிரே எழுதி அனுப்பியிருப்பதைப் பார்த்து மகிழ்ந்தேன். லட்சம் ரூபாயைத் தாண்டும் காரியத்தை இப்படித்தான் அணுக வேண்டும். ஆனால் அந்தக் கட்டத்தில் குற்றாலத்து உன் வீடு இல்லை. உன் மாடியில், உன் ஆன்டெனாவில், யாரைக் கேட்க முடியாமல் தவிக்கிறாய், எதனால் தவிக்கிறாய்? அது தெரியாமல் எந்த ரிக் நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் கையில் இருப்பதைச் சரியாக எடைபோடு. ஹைதராபாத் ஹாம் அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-ல் பிட்எக்ஸ் சுற்றை வடிவமைத்தபோது, நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் உதிரிகளைக் கொண்டே ஒருவர் தன் கையால் ரிக் செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். அந்த வழியில் வந்த உன்னுடையது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் பேசுகிறது. குறைகளும் உண்டு. 7 மெகாஹெர்ட்ஸில் தரும் 10 வாட், 28-க்குப் போகப் போக இறங்கிவிடும். சிக்னலின் வலுவுக்கேற்ப ஒலியைத் தானே சமன்செய்யும் ஏஜிசி அதன் மூலச் சுற்றில் இல்லை. மெலிந்த குரலுக்காக வால்யூமைக் கூட்டி வைத்திருக்கும்போது பக்கத்து மாவட்டத்து ஹாம் ஒருவர் பேசத் தொடங்கினால் காது வலிக்கும். ரிக் மாற்ற இது நியாயமான காரணம். ஏஜிசி பலகை ஒன்றைத் தனியாகச் சேர்த்தும் இதைச் சரிசெய்யலாம் என்பதையும் கணக்கில் வை.

நீ எழுதிய காரணம் வேறு. நாற்பது மீட்டர் பேண்டில் ராத்திரி ஒரே இரைச்சல், யாரையும் பிடிக்க முடியவில்லை என்கிறாய். ரிக் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் பார். இரைச்சல் சட்டென்று அடங்கினால் அது ரிக்குக்குள் பிறப்பதில்லை, வெளியிலிருந்து வருகிறது. 7 மெகாஹெர்ட்ஸில் வானத்து இரைச்சலே பலமாக இருப்பதால், இன்னும் நுண்மையாகக் கேட்கும் ரிசீவருக்கு அங்கே வேலை இல்லை. அதற்காகக் கொடுக்கும் பணம் வீண். அடுத்து, ரிக்கை பாட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்து, இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டுக் கேள். பிறகு எல்இடி விளக்குகள், செல்போன் சார்ஜர், டிவி, இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வா. எதைப் போட்டதும் பேண்ட் மூழ்கிப்போகிறதோ அதுதான் காரணம். குற்றாலத்து மெயின் அருவிக்கு அடியில் நிற்பவருக்குக் காது மருத்துவம் பயன்படாது, அருவியை விட்டுத் தள்ளி வந்தால்தான் பேச்சு கேட்கும். சித்திரை, வைகாசி இடிமழைக் காலத்து வெடிப்பொலி மட்டும் எந்த சுவிட்சுக்கும் அடங்காது. ரிக்கைக் காப்பாற்ற, இடி நெருங்குவதற்கு முன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடு.

7300-ன் 100 வாட் என்ற எண் உன்னை மிகவும் ஈர்த்திருக்கிறது. 10 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போவது 10 டெசிபல். சிக்னல் மீட்டரில் ஒரு எஸ் புள்ளிக்கு 6 டெசிபல் என்று வைத்தால், எதிரில் இருப்பவர் மீட்டர் இரண்டு புள்ளிகூட ஏறாது. மெலிந்து கேட்கும் நேரத்தில் அதுவும் உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் உன் பக்கத்து இரைச்சலைக் குறைக்காமல் சக்தியை மட்டும் கூட்டினால், நீ கூப்பிடுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் சொல்லும் பதில் உனக்குக் கேட்காது. உன் கால் சைன் வியூ3-ல் தொடங்குகிறது. கட்டுப்படுத்தப்பட்ட நிலை உரிமத்துக்குச் சக்தி வரம்பு பொது நிலையைவிடக் குறைவு. உரிமத்தில் எழுதியிருக்கும் வாட்டைப் பார்த்துவிட்டு மேலே யோசி.

நம் மலையையும் கணக்கில் சேர். திருவனந்தபுரம் இங்கிருந்து நேர்க்கோட்டில் 70 கிலோமீட்டருக்குள்தான், நடுவே பொதிகை. 145 மெகாஹெர்ட்ஸ் கைக்கருவி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் அந்தச் சுவரின் முன் திணறும். நாற்பது மீட்டரில் ஏழெட்டு மீட்டர் உயரத்தில் கட்டிய டைபோல் ஆன்டெனா, சக்தியின் பெரும்பங்கை நேர் மேலே அனுப்புகிறது. அயனிமண்டலம் அதைத் திருப்பி மலைக்கு அந்தப்பக்கம் இறக்கிவிடுகிறது. மதுரையும் கோவையும் திருவனந்தபுரமும் பகலிலேயே கிடைப்பது இதனால்தான். நீயோ ஒரு ஒயரை ஜன்னல் கம்பியில் சுருட்டிக் கட்டியிருக்கிறாய். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் மொத்த நீளம் மீட்டரில் வரும், 7.1-க்கு ஏறக்குறைய 20 மீட்டர், கைக்குப் பத்து. உனக்கு நான் சொல்லும் முதல் செலவு அந்த ஒயரும் இரண்டு மூங்கிலும்தான்.

இன்னொன்று. காந்த நடுக்கோடு நம் பகுதிக்கு மிக அருகே போகிறது. 1963-ல் முதல் ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான். பொழுது சாய்ந்தபின் இங்குள்ள அயனிமண்டலம் கலங்கும், தூரத்துக் குரல்கள் படபடத்து வரும். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு குரல் நடுங்கினால் அந்தக் குறையை ரிக்கின் மேல் ஏற்றாதே.

பக்கத்தில் பலத்த சிக்னல் இருந்தும் மெலிந்ததைக் கேட்கும் திறனை, அதாவது டைனமிக் ரேஞ்சை, வரிசைப்படுத்தும் பட்டியலைப் பற்றிக் கேட்டிருந்தாய். ராப் ஷெர்வுட் என்ற அமெரிக்க ஹாம் 1970-களிலிருந்து ரிசீவர்களை அளந்து வருகிறார். 20 கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருந்த பலத்த சிக்னலைத் தாங்கிய டிரேக் ஆர்-4சி, அதே சிக்னல் 2 கிலோஹெர்ட்ஸ் அருகே வந்ததும் தடுமாறுவதைக் கண்டார். அதனால் நெருங்கிய இடைவெளியில் எடுத்த அளவை வைத்தே வரிசைப்படுத்துகிறார். அதில் யெய்சு எஃப்டிடிஎக்ஸ்10 100 டெசிபலைத் தாண்டும், 7300 தொண்ணூறுகளில் நிற்கும். உலகப் போட்டி நடக்கும் வார இறுதியில் நெருக்கியடிக்கும் நிலையங்களுக்கு நடுவே உட்காருபவருக்கு அந்த வித்தியாசம் காதில் தெரியும். தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட்டில் ஒலிபரப்பும் வானொலிக் கோபுரத்தின் பக்கத்தில் குடியிருப்பவரும் பலத்த சிக்னலைத் தாங்கும் ரிசீவரைத் தேட வேண்டியிருக்கும். குற்றாலத்தில் உனக்கு அந்த நெருக்கடி இல்லை.

உன் கட்டத்தில் இல்லாத, நான் முதலிடம் கொடுக்கும் வரிசை ஒன்று உண்டு: கேட்கும்போது ரிக் இழுக்கும் மின்னோட்டம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நீ மறந்திருக்க மாட்டாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கினார்கள், பல ஊர்களில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. அப்படி ஒரு நாளில் ஹாம் செய்யும் வேலையில் பெரும்பகுதி விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது. 7300 கேட்பதற்கே ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும், முழுச் சக்தியில் பேசினால் 21 ஆம்பியர். 20 ஆம்பியர் மணி பாட்டரியில் வெறுமனே கேட்டாலே ஒரு நாள் தாங்காது. உன்னுடையது கால் ஆம்பியருக்குள் கேட்கும். அதே பாட்டரியில் மூன்று நாளைத் தாண்டும். 2004 சுனாமியின்போது ஹாம் பாரதி பிரசாத் போர்ட் பிளேரில் வியூ4ஆர்பிஐ நிலையத்தை ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தார். உடனே அதை அவசரத் தொடர்புக்குத் திருப்பிவிட முடிந்தது அதனால்தான். எனவே நீ எதை வாங்கினாலும் மைக்ரோபிட்எக்ஸை விற்காதே. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க என் 7300-ஐ எடுத்துக்கொண்டு வருகிறேன். ஒரே டைபோலை கோஆக்ஸ் சுவிட்ச் வழியாக இரண்டு ரிக்குக்கும் கொடுப்போம். நேற்று ஒன்றில் கேட்டதையும் இன்று மற்றதில் கேட்பதையும் ஒப்பிட முடியாது; அயனிமண்டலம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறது. ஃபில்டர் அகலம் ஒன்றாக இருக்கட்டும், ஒலியும் காதுக்கு ஒரே அளவில் இருக்கட்டும். எஸ் மீட்டரைப் பார்க்காதே, கம்பெனிக்குக் கம்பெனி அது வேறு மாதிரி காட்டும். மெலிந்த குரல் ஒன்றைப் பிடித்து, நீ திரும்பி உட்கார்ந்துகொள். உன் தம்பி சுவிட்சை மாற்றட்டும், உனக்குப் புரிந்த சொற்களை மட்டும் நோட்டில் எழுது. 7300-ல் ஏஜிசி ஒழுங்காக வேலை செய்வதும் பேண்ட் முழுவதும் திரையில் ஓடுவதும் உனக்குப் பிடிக்கும். யார் எங்கே பேசுகிறார்கள் என்று கண்ணால் பார்ப்பது கற்றுக்கொள்பவருக்குப் பெரிய துணை, அதற்காக வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். அந்த நோட்டில் இரண்டு ரிக்குக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வந்தால் மட்டும் இந்த வருஷம் பணத்தை வங்கியிலேயே விட்டுவை.

சாரல் விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு வருகிறேன். அதற்குள் டைபோலை மாடியில் ஏற்றிவிடு. பிஎல்-259 கனெக்டர் நாலு வாங்கி வை, சுவிட்சும் சால்டரிங் அயர்னும் நான் கொண்டு வருகிறேன். அன்றைக்குக் கேட்பது மட்டும்தான். நான் வந்து மாட்டுவதற்கு முன் மைக்கைக் கழற்றி வைத்திரு.

உன் மாமா