பழியை உதவியாளர் தலையில் கட்டாதீர்கள்

முதன்முறையாகத் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்கப்போகும் தம்பிகளே, தங்கைகளே! தோற்காமல் இருக்கும் வழி எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. தோற்ற அன்று என்ன பேசக்கூடாது என்று மட்டும் சொல்கிறேன். உதாரணங்கள் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இருந்து, கையில் பந்தோடு மோதி ஓடுகிற ஆட்டம் அது. தாக்குதலுக்கு ஒருவர், தற்காப்புக்கு ஒருவர் என்று தனித்தனி உதவிப் பயிற்சியாளர்கள் இருப்பதால், அங்கே கைகாட்டுவது மிகச் சுலபம்.

1. உதவியாளரை அழைத்து வந்தது நீங்கள். கல்யாணப் பந்தியில் சாம்பார் கெட்டால், காய் நறுக்கியவன் பெயரை யாரும் கேட்பதில்லை.

2. முதல் ஆளை நீக்கும்போது ரசிகர்கள் கைதட்டுவார்கள். அதை நம்பிவிடாதீர்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த மேக் பிரவுன் சாதாரண ஆள் இல்லை. 2005 பருவத்தில் தேசியப் பட்டம் வென்றவர். 2013 செப்டம்பர் 7 அன்று பிரிகாம் யங் அணி அவருடைய தற்காப்பைக் கிழித்து, ஓட்டத்தில் மட்டும் 550 கெஜம் எடுத்தது. மைதானத்தின் நீளமே 100 கெஜம்தான். மறுநாளே தற்காப்புப் பயிற்சியாளர் மேனி டயஸ் நீக்கப்பட்டார். அடுத்த வாரம் சொந்த ஊரான ஆஸ்டினில், மிசிசிப்பி அணியிடம் 44-23 என்று மறுபடி தோல்வி. அதன்பிறகு அணி தேறியது, ஓக்லஹோமாவைக்கூட வென்றது. ஆனால் போன நம்பிக்கை திரும்பவில்லை. டிசம்பரில் பிரவுன் விலகல் அறிவித்தார். 16 பருவங்கள், 158 வெற்றிகள். அவ்வளவு சம்பாதித்தவருக்கே இந்த நிலை என்றால், புதிதாக வரும் உங்களுக்கு எவ்வளவு அவகாசம் கிடைக்கும்?

3. ரசிகர்கள் கணக்கு வைத்திருப்பார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ரிச் ரோட்ரிகஸின் மூன்று பருவங்களில் இரண்டு தற்காப்புப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். 15 வெற்றி, 22 தோல்வி. 2011 ஜனவரியில் அவரையே அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டாமவரான கிரெக் ராபின்சன்தான் 2013இல் டெக்சாஸில் டயஸின் இடத்துக்கு வந்தவர். ஆட்களை மாற்றிக்கொண்டே போனால், மாறாமல் நிற்கும் ஒரே ஆள் பக்கம் எல்லோர் பார்வையும் திரும்பும்.

4. மாணவ ஆட்டக்காரரை மைக் முன்னால் குறை சொல்லாதீர்கள். உதவியாளருக்காவது அது தொழில். நோட்ர டாம் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த பிரையன் கெல்லி, 2016இல் டியூக் அணியிடம் தோற்ற மறுநாள் தற்காப்புப் பயிற்சியாளர் வான்கோர்டரை நீக்கினார். இரண்டு வாரம் கழித்து, வட கரோலினாவில் புயல்மழையில் ஆடி 10-3 என்று தோற்றபோது, பந்தைப் பின்னால் எறிந்துதரும் பையனின் வேலை படுமோசம் என்று பத்திரிகையாளர்களிடமே சொன்னார். கொட்டும் மழையில், வழுக்கும் பந்தோடு போராடிய பிள்ளை அவன். அந்தப் பேச்சை என்னால் ஏற்கவே முடியவில்லை. அந்தப் பருவம் 4 வெற்றி, 8 தோல்வியோடு முடிந்தது.

5. ஆளை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. சில சமயம் மாற்றித்தான் ஆக வேண்டும். பருவம் முடியட்டும், அறைக்குள் பேசுங்கள், கூடவே உங்களையும் மாற்றிக்கொள்ளுங்கள். அதே கெல்லி அந்த 2016க்குப் பிறகு உதவியாளர்களைப் பெருமளவு மாற்றினார். ஆனால் அதோடு நிறுத்தாமல் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசினார், தன் நேரத்தை அவர்கள் பக்கம் திருப்பினார். 2017இல் 10 வெற்றி. 2018இல் வழக்கமான பருவத்தின் 12 ஆட்டங்களையும் வென்று நாட்டின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தார்கள்.

6. ரசிகர்களோடு சண்டை வேண்டாம். டிக்கெட் வாங்கி, குளிரில் உட்கார்ந்து, கத்தித் தொண்டை கட்டுபவர்கள் அவர்கள். தோல்வியைப் பொறுப்பார்கள், ஏமாற்றுவதைப் பொறுக்க மாட்டார்கள். அடுத்த தோல்விக்குப் பிறகு செய்தியாளர்கள் காரணம் கேட்டால், உதவியாளர் பெயர் வாயில் வருமுன் உங்கள் பெயரைச் சொல்லிவிடுங்கள்.