சமையலறையில் புகை உணரி கூடாதா?

கேள்வி: அடுக்குமாடிகளில் தீ எச்சரிக்கை அமைப்பு எவ்வாறு இயங்குகிறது? சமையலறைக்கு மட்டும் வேறு கருவி ஏன்?

பதில்: கூரையில் பொருத்தப்படும் உணரிகள், ஆபத்தின்போது கையால் அழுத்துவதற்காக மாடிப்படியருகே வைக்கப்படும் சிவப்புப் பெட்டி, சைரன் ஆகிய யாவும் பெரும்பாலும் 24 வோல்ட்டில் இயங்கும் கட்டுப்பாட்டுப் பலகத்தோடு இணைக்கப்பட்டிருக்கும், மின்வெட்டுக்கெனப் பேட்டரியும் உண்டு. ஒளிவகைப் புகை உணரியின் இருண்ட அறைக்குள் ஒரு சிறுவிளக்கும், அதன் ஒளி நேராக விழாத கோணத்தில் ஓர் ஒளியுணர் கருவியும் அமைந்திருக்க, உள்ளே புகும் புகைத்துகள்கள் ஒளியைச் சிதறடித்து அக்கருவியின்மேல் விழச் செய்வதால் பலகத்துக்குச் செய்தி செல்கிறது. தாளிப்புப் புகைக்கும் தீயின் புகைக்கும் வேறுபாடு அறியாத இவ்வுணரி அடிக்கடி வீணாக அலறும் என்பதால், சமையலறைக்கு ஏறத்தாழ 57 டிகிரி செல்சியஸில் இயங்கும் வெப்ப உணரியே பொருத்தமானது. பலரும் கண்டுகொள்ளாத நுட்பம் கம்பித்தொடரின் கடைசியில் உள்ள ரெசிஸ்டர், அதாவது மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சிறு உறுப்பு: அதன் வழியே இடையறாது ஓடும் சிறு மின்னோட்டம் கம்பி அறுந்தால் நின்றுவிட, பலகத்தில் பழுதைக் குறிக்கும் மஞ்சள் விளக்கு எரியும். அவ்விளக்கு எரிந்தால் குடியிருப்போர் சங்கத்தார் அன்றே பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும்.