என்ஜின் காட்டும் பழுது எண்: சென்சாரை மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளிகளில் மழைக்கு முன்பாகப் பண்ணைக்குட்டை வெட்டவும், மேடு பள்ளம் சமன் செய்யவும் ஜே.சி.பி., பொக்லைன் போன்ற இயந்திரங்களை விவசாயிகள் மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்துகின்றனர். பாறைப் பாங்கான பூமியாதலால் ஆழ்குழாய்க் கிணற்றுக்குத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வர வேண்டியுள்ளது. இத்தகைய இயந்திரங்களைக் கடனில் வாங்கி ஓட்டும் விவசாயக் குடும்பங்களும் உண்டு. குட்டைக்குள் இறங்கிய இயந்திரம் எச்சரிக்கை விளக்கைக் காட்டி நின்றுவிட்டால், நிலத்துக்காரர், இயந்திரக்காரர் இருவருக்குமே நட்டந்தான்.

2021 ஏப்ரல் முதல் சக்கரம் பூண்ட கட்டுமான இயந்திரங்களுக்கும், 2023 ஜனவரி முதல் சுமார் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கும் கடுமையான புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதனால் புதிய என்ஜின்களில் டீசல் தெளிப்பை இ.சி.எம். என்னும் மின்னணுப் பெட்டி கவனித்துக் கொள்கிறது. ஆயில் அழுத்தம், தண்ணீர் வெப்பம், டீசல் அழுத்தம் முதலியவற்றைச் சென்சார்கள் அளந்து அதற்குத் தெரிவிக்கின்றன. கிடைக்கும் அளவு பொருந்தாவிடில் பெட்டி ஒரு பழுது எண்ணைப் பதிவு செய்கிறது.

இங்குதான் பலர் தவறு செய்கின்றனர். ‘ஆயில் அழுத்தச் சென்சார்’ என்று எண் காட்டியதும் புதிய சென்சார் வாங்கி மாட்டுகின்றனர். மரவள்ளியின் இலை மஞ்சளாவது இரும்புச்சத்துக் குறைவாலும் இருக்கலாம், தேமல் நோயாலும் இருக்கலாம். மஞ்சளைக் கண்டவுடன் மருந்து தெளிப்பவருக்கும் எண்ணைக் கண்டவுடன் சென்சார் வாங்குபவருக்கும் வேறுபாடு இல்லை.

எண்ணில் இரண்டு பாகம்

கனரக என்ஜின்கள் பலவற்றில் ஜே.1939 என்னும் பொது முறைப்படி பழுது எண் இரு பாகமாக வரும். எஸ்.பி.என். என்பது எந்த இடம் என்பதைச் சொல்லும். 100 என்றால் என்ஜின் ஆயில் அழுத்தம். 110 என்றால் தண்ணீர் வெப்பம். 97 என்றால் டீசலில் தண்ணீர். 157 என்றால் டீசல் ரயில் அழுத்தம். எஃப்.எம்.ஐ. என்னும் இரண்டாம் பாகம் என்ன கோளாறு என்பதைச் சொல்லும். பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான்.

எஃப்.எம்.ஐ. 0 என்றால் அளவு அபாயமாகக் கூடிவிட்டது, 1 என்றால் அபாயமாகக் குறைந்துவிட்டது. இவை என்ஜினின் உடல்நிலையைச் சொல்பவை. 3, 4, 5 என்பவை மின்சாரத்தைப் பற்றியவை: வோல்ட் மிகை, வோல்ட் குறைவு, மின்னோட்டம் குறைவு அல்லது வயர் அறுந்த நிலை. இவை வந்தால் வயரையும் கப்ளரையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே 100, 1 என்று வந்தால் என்ஜினை உடனே நிறுத்துவது அவசியம். ‘சென்சார்தான் பொய் சொல்கிறது’ என்று தொடர்ந்து ஓட்டி, பேரிங் உருகிய பின் வருந்திப் பயனில்லை. ஆயில் மட்டத்தையும், அதில் டீசல் வாடை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பிறகு மெக்கானிக் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் சாதாரண அழுத்த மீட்டரை மாட்டிப் பார்ப்பார். மீட்டரில் அழுத்தம் சரியாக இருந்தால் மட்டுமே பழியைச் சென்சார் மீதோ வயர் மீதோ போடலாம். எச்சரிக்கை விளக்கின் பல்பையே கழற்றி எறிந்துவிட்டு வேலையைத் தொடரும் ஓட்டுநர்களும் இருக்கிறார்கள்!

மல்டிமீட்டரும் ஒரு எளிய சோதனையும்

முதலில் பாட்டரி. 12 வோல்ட் பாட்டரி ஸ்டார்ட் செய்யும்போது 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் இல்லாத பழுதெல்லாம் எண்ணாக வரும். எர்த் வயர் தளர்ந்திருந்தாலும் அப்படியே. அடுத்து கப்ளரைக் கழற்றி, பச்சைப் பூப்பு, வளைந்த முள், புழுதி, தண்ணீர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நிறுத்தி வைத்த இயந்திரத்தில் எலி வயரைக் கடிப்பது சாதாரணம்.

தண்ணீர் வெப்பச் சென்சாருக்கு இரண்டு வயர் உண்டு. சூடு ஏற ஏற அதன் தடை குறையும். பரவலாக உள்ள ஒரு வகையில் 20 டிகிரி செல்சியசில் சுமார் 2,500 ஓம், 100 டிகிரியில் 200 ஓமுக்குக் கீழ். 110, 4 என்ற எண் வந்தால் கப்ளரைக் கழற்றி, சாவியைப் போட்டு மீண்டும் எண்ணைப் படிக்க வேண்டும். 4 என்பது 3 ஆக மாறினால் வயர் நன்றாக உள்ளது, சென்சார்தான் கெட்டது. 4 ஆகவே நின்றால் பெரும்பாலும் வயர் எங்கோ எர்த் ஆகிறது. புதிய சென்சார் போட்டும் பயனில்லை.

அழுத்தச் சென்சார்களுக்கு மூன்று வயர். கப்ளரைக் கழற்றிச் சாவியைப் போட்டால் ஊட்டும் வயருக்கும் எர்த்துக்கும் இடையே சுமார் 5 வோல்ட் இருக்க வேண்டும். பல சென்சார்கள் ஒரே ஊட்டும் வயரைப் பகிர்வதால், ஒன்று ஷார்ட் ஆனால் நான்கைந்து எண்கள் சேர்ந்தாற்போல் வரும். அப்போது ஒவ்வொரு கப்ளராகக் கழற்ற, எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவே குற்றவாளி. இந்த வயர்களை ஒன்றோடொன்று தொட வைத்துச் சோதிக்கக் கூடாது, பெட்டியே பழுதாகலாம். அதன் விலை சென்சாரைப் போலப் பல மடங்கு.

97, 157 ஆகிய எண்கள் வந்தால் சென்சாரைத் தேடுவதற்கு முன் டீசலைப் பார்ப்பது நல்லது. பேரலில் கொண்டு வந்து ஊற்றும் டீசலில் தண்ணீரும் தூசியும் சேரும். வடிகட்டியின் அடித் திருகைத் திறந்து நீரை வடித்து, அடைத்த வடிகட்டியை மாற்றினாலே பல நேரம் சரியாகிவிடும். பழைய என்ஜின்களில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடும்போதே இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்துவது வழக்கம். ரயில் வகை என்ஜினில் அப்படிச் செய்யவே கூடாது. 1,600 பார் அளவுக்கு அழுத்தமுள்ள டீசல் ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியது அது.

எண்ணை அழிப்பதற்கு முன் இரு பாகத்தையும், நடப்பா பழையதா என்பதையும், எத்தனை முறை வந்தது என்பதையும் நோட்டில் எழுதிக் கொள்ள வேண்டும். பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் வரும் பழுதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குக் கிடைக்கும் ஒரே தடயம் அதுவே.

பக்கெட் பல்லுக்கு வெல்டிங் வைக்கும்போது பாட்டரியின் நெகட்டிவ் வயரையும் இ.சி.எம். கப்ளர்களையும் முன்னதாகக் கழற்றிவிட வேண்டும். வெல்டிங் எர்த்தை எங்கோ சேசிஸில் கவ்வ விடாமல், பற்ற வைக்கும் இடத்தை ஒட்டியே கவ்வ விட வேண்டும்.