துறைமுக வணிகமும் பழைய ஏடுகளும்: திருவனந்தபுரம் கற்பிக்கும் பாடம்

திருவனந்தபுரம் நகரில் கிழக்குக் கோட்டையை ஒட்டி அமைந்த பகுதி பழவங்காடி எனப்படும். பழைய அங்காடி என்னும் பொருளை அப்பெயரே உணர்த்துகிறது. அங்காடி என்பது சங்க இலக்கியத்திலேயே வழங்கிய சொல். மதுரையின் நாளங்காடியும் அல்லங்காடியும் தமிழறிந்தோர் நன்கு அறிந்தவை. பழவங்காடிக்கு அருகில் சாலைக் கடைத்தெரு இன்றும் பெருவணிகம் நடைபெறும் இடமாக விளங்குகிறது. கோட்டைப் பகுதியில் கேரள அரசின் மைய ஆவணக் காப்பகம் உள்ளது. சரக்கு விற்கும் தெருவும், அச்சரக்கின் கணக்கைத் தாங்கிய ஏடுகளும் அருகருகே அமைந்திருப்பது வரலாற்று மாணவர்க்குக் கிடைத்துள்ள ஓர் அரிய வாய்ப்பாகும்.

அரசே வணிகன்

திருவிதாங்கூர் அரசின் வணிகக் கொள்கைக்கு அடித்தளமிட்டவர் மார்த்தாண்ட வர்மா (1729–1758). 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படையை அவர் முறியடித்தார். மிளகைத் தனி வணிகர்களிடம் விடாமல், அரசே வாங்கி அரசே விற்கும் முறையும் அவர் காலத்தில் உறுதிப்பட்டது. இதன் பொருட்டு நாடெங்கும் பண்டகசாலைகள் நிறுவப்பட்டன. கொள்முதல் செய்த மிளகின் எடை, கொடுத்த விலை, கப்பலில் ஏற்றிய அளவு, கிடைத்த வருவாய் ஆகியவற்றுக்கெல்லாம் கணக்கு வேண்டியதாயிற்று. வணிகத்தை அரசு கையிலெடுத்ததும் வணிகக் கணக்கு அரசு ஆவணமாயிற்று.

அடுத்து ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில், 1762-இல் ஆலப்புழைத் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் வளர்ச்சிக்குக் காரணமானவர் பின்னர் திவானாக உயர்ந்த ராஜா கேசவதாஸ் ஆவார். இன்றைய குமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டாரத்தைச் சேர்ந்த அவர், இளமையில் ஒரு மரைக்காயர் வணிகரிடம் கணக்கெழுதியவர் என்பது மரபுவழிச் செய்தி. குஜராத், கட்சுப் பகுதி வணிகர்கள் ஆலப்புழையில் குடியேற அவர் வசதிகள் செய்து கொடுத்தார். கல்கத்தா, பம்பாய் ஆகிய துறைகளுடன் வாணிபம் செய்ய அரசுச் செலவில் கப்பல்கள் கட்டப்பட்டன. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை உருவாக்கியவரும் அவரே. அக்கடைத்தெருவில் தமிழ் வணிகர் நெடுங்காலமாகத் தொழில் நடத்தி வருகின்றனர்.

1860-ஐ ஒட்டி மிளகுத் தனியுரிமை நீக்கப்பட்டு ஏற்றுமதித் தீர்வை விதிக்கப்பட்டது. 1865-இல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகியவற்றுக்கிடையே ஏற்பட்ட துறைமுக ஒப்பந்தம் சுங்கத் தடைகளைப் பெரிதும் அகற்றியது. இதன் விளைவு ஏடுகளிலும் தெரியும். அதுவரை அரசுப் பண்டகசாலையில் குவிந்த கணக்கு, பிறகு தனியார் நிறுவனங்களின் பேரேடுகளுக்கு இடம் மாறியது. ஆகவே 1860-க்கு முந்திய வணிக வரலாற்றை அரசு ஏட்டிலும், பிந்திய வரலாற்றின் பெரும்பகுதியைத் தனியார் ஏட்டிலும் தேட வேண்டியுள்ளது.

ஏடுகளின் இயல்பு

கேரள ஆவணக் காப்பகத் துறை 1962-இல் அமைக்கப்பட்டது. திருவனந்தபுரம், எறணாகுளம், கோழிக்கோடு ஆகிய மூன்று இடங்களில் அதன் காப்பகங்கள் உள்ளன. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பனையோலைகள் இத்துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. ஓலைகளைக் கட்டாகக் கட்டிச் சுற்றிய தொகுதிக்குச் 'சுருணை' என்று பெயர். பத்மநாபசுவாமி கோயில் நிர்வாகம் பற்றிய மதிலகம் ஏடுகள் இவற்றுள் புகழ் பெற்றவை. 2023 ஜனவரியில் கோட்டைக் காப்பகத்தில் பனையோலைச் சுவடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நிலம், ஆட்சி, போர், பொருளாதாரம் எனப் பொருள்வாரியாக ஓலைகள் அங்கே வைக்கப்பட்டுள்ளன.

இவ்வேடுகளை ஆராய முற்படும் மாணவர் மூன்று பயிற்சிகளைப் பெறுதல் வேண்டும். முதலாவது எழுத்துப் பயிற்சி. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் ஆகிய எழுத்துகள் இவற்றில் பயின்று வருகின்றன. இரண்டாவது அளவைப் பயிற்சி. துலாம், கண்டி முதலிய எடைகள் இடத்துக்கு இடம் வேறுபட்டமையால், ஓர் ஊர்க் கண்டியை மற்றோர் ஊர்க் கண்டியாகக் கொள்ளலாகாது. மூன்றாவது காலக் கணிப்பு. ஏடுகளில் கொல்லம் ஆண்டே காணப்படும். அது கி.பி. 825 ஆகஸ்டில், சிங்க மாதத்தில் தொடங்கியது. எனவே சிங்க மாதம் முதல் டிசம்பர் முடிய உள்ள காலத்துக்குக் கொல்லம் ஆண்டுடன் 824-ஐயும், ஜனவரி முதல் கர்க்கடக மாத இறுதி வரையுள்ள காலத்துக்கு 825-ஐயும் கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, குளச்சல் போர் நிகழ்ந்தது கொல்லம் 916 கர்க்கடகத்தில். 825-ஐக் கூட்ட 1741 கிடைக்கும். மாதத்தைக் கவனியாமல் 824-ஐக் கூட்டினால் போர் ஓராண்டு முன்னதாக நடந்ததாகிவிடும்.

இரு தரப்புச் சான்றுகள்

வணிகத்தில் வாங்குவோரும் விற்போரும் உண்டு. அதுபோன்றே வணிக ஆவணத்துக்கும் இரு பக்கங்கள் உண்டு. 1795-இல் பிரிட்டிஷார் கொச்சியைக் கைப்பற்றியபின் டச்சுக் கம்பெனியின் கொச்சி ஆவணங்கள் சென்னை வந்தடைந்தன. அவை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணத் தொகுதி 2003-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றது. மிளகு விலையை டச்சுக்காரர் எவ்வாறு கண்டனர் என்பதைச் சென்னையிலும், திருவிதாங்கூர் அரசு எவ்வாறு கண்டது என்பதைத் திருவனந்தபுரத்திலும் அறியலாம். ஒன்றை மட்டும் நம்பி எழுதும் வரலாறு ஒருதலைப்பட்சமானதாகவே அமையும்.

மாநில எல்லை மாற்றமும் கவனத்திற்குரியது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. குளச்சல் துறை தமிழகத்துக்கு வந்தது. அதன் பழைய அரசு ஏடுகளைத் தேடுவோர் இன்றும் திருவனந்தபுரம் செல்ல வேண்டியிருக்கிறது. இரு மாநிலக் காப்பகங்களும் பட்டியல்களைப் பரிமாறிக் கொள்வது ஆய்வாளர்க்குப் பெருந்துணையாகும்.

கப்பல் சென்ற பின்னும்

திருவனந்தபுரத்தின் கடல் வாயிலாக நெடுங்காலம் விளங்கியது வலியதுறை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, படகுகளின் வாயிலாகச் சரக்கு பாலத்துக்கு வரும். 1947 நவம்பரில் 'பண்டிட்' என்னும் சரக்குக் கப்பல் மோதியதில் அங்கிருந்த இரும்புப் பாலம் தகர்ந்து உயிர்ச்சேதம் நேர்ந்தது. 1956-இல் புதிய பாலம் அமைந்தது. கடலரிப்பால் நலிந்த அப்பாலமும் 2024 மார்ச்சில் இரண்டாகப் பிளந்தது. பாலம் போனபின் அத்துறையின் வாழ்வுக்குச் சான்றாக எஞ்சுவது கப்பல் வருகைப் பதிவு, சரக்குப் பட்டியல், தீர்வை இரசீது, கூலிக் கணக்கு ஆகியவையே. அவையும் அழிந்தால், அங்கே மூட்டை சுமந்தவர் எத்தனை பேர், அவர் பெற்ற கூலி என்ன என்ற வினாக்களுக்கு விடையே இல்லாமற் போகும்.

தூத்துக்குடியை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் பதிவு செய்த சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அதன் வரலாற்றை எழுதியோர் அரசின் கோப்புகளையும் காவல்துறை அறிக்கைகளையும் பெரிதும் நாட வேண்டியதாயிற்று. ஒரு தேசிய நிறுவனத்தின் கதையை அதனை எதிர்த்தவர் எழுதிய குறிப்புகளிலிருந்து மீட்டெடுக்க வேண்டிய நிலை, சொந்த ஏடுகளைக் காப்பதன் இன்றியமையாமையை உணர்த்துகிறது.

சட்டமும் கடமையும்

1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம், 1892-க்கு முந்திய ஆவணங்களை அழிப்பதைத் தடை செய்கிறது. பயன்படுத்தவே இயலாதவாறு சிதைந்தவை மட்டுமே விதிவிலக்கு. சட்டத்தை மீறி ஆவணத்தை அழிப்போருக்கு ஐந்தாண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. ஆயின் இச்சட்டம் மத்திய அரசு, ஒன்றியப் பகுதிகள், அவற்றின் பொதுத்துறை நிறுவனங்கள் முதலியவற்றுக்கே பொருந்தும். மாநில அலுவலகங்களுக்கு அந்தந்த மாநிலமே வழிசெய்தல் வேண்டும். தனியார் வணிக இல்லங்களின் சிட்டா, பேரேடு, ஐந்தொகை ஆகியவற்றை இச்சட்டம் எட்டுவதில்லை. கடை கை மாறும்போதும், கட்டடம் இடிக்கப்படும்போதும் பழைய கணக்குகள் எடைக்குப் போய்விடுகின்றன.

இதற்குப் பெருஞ்செலவின்றிச் சில ஏற்பாடுகள் செய்ய இயலும். துறைமுக, சுங்க, நகராட்சி அலுவலர்கள் பழைய பதிவேடுகளைக் கழிக்குமுன் காப்பகத்தாரின் கருத்தைக் கேட்கலாம். வணிகர் சங்கங்கள் தம் உறுப்பினர்களின் பழைய பேரேடுகளுக்குப் பட்டியல் எடுக்கலாம். ஏட்டைத் தர விரும்பாத குடும்பத்தாரிடம் படப்படி எடுக்க இசைவு பெறலாம். கல்லூரிகள் பழைய எழுத்துப் பயிற்சியை வரலாற்றுப் பாடத்துடன் இணைக்கலாம். ஓலைகளைத் துடைத்து, எலுமிச்சம்புல் எண்ணெய் பூசி, ஈரமும் பூச்சியும் அணுகாமல் வைக்கும் பழைய முறை இன்றும் பயன் தருகிறது.

விழிஞ்ஞத்தில் 2024 ஜூலையில் முதல் பெருங்கொள்கலக் கப்பல் 'சான் ஃபெர்னாண்டோ' வந்தடைந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இப்புதிய துறைமுகத்தின் கணக்குகள் ஓலையிலோ தாளிலோ இல்லை, கணிப்பொறியில் உள்ளன. நன்கு காக்கப்பட்ட பனையோலை நூற்றாண்டுகள் தாங்கும். கணிப்பொறிப் பதிவோ அதனைப் படிக்கும் கருவி மாறியதும் பயனற்றுப் போகக்கூடும். எவற்றை நிலையாகக் காப்பது, எவ்வடிவில் காப்பது, யார் பொறுப்பில் காப்பது என்பனவற்றைத் தொடக்கத்திலேயே முடிவு செய்தல் நலம். பண்டகசாலைக் கணக்கரின் பதிவு இன்றைய ஆய்வாளர்க்குக் கைகொடுப்பதுபோல், இன்றைய அலுவலரின் பதிவும் வருங்காலத்தார்க்குப் பயன்பட வேண்டும்.