மீனுக்கும் மூச்சு உண்டு

கோலார் தங்கவயலில் தங்கச் சுரங்கம் இருந்தது. அது 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கொண்டது. அவ்வளவு ஆழத்துக்குக் காற்று தானாகப் போகாது. பெரிய விசிறிகளை ஓட்டிக் காற்றை உள்ளே அனுப்பினார்கள். 2001-ஆம் ஆண்டு அந்தச் சுரங்கம் மூடப்பட்டது.

நிலத்துக்கு அடியில் போன மனிதனுக்கு மேல்காற்று வேண்டும். தண்ணீருக்குள் வாழும் ஒரு சிறு மீனுக்கும் மேல்காற்று வேண்டும். அதன் பெயர் பனையேறிக் கெண்டை.

எப்படி மூச்சு விடுகிறது?

மீன்கள் தண்ணீரில் கலந்துள்ள காற்றைச் செவுளால் எடுக்கின்றன. பனையேறிக்கு அது போதாது. செவுளுக்கு மேலே, அதன் தலைக்குள் ஒரு சிறு அறை உண்டு. மீன் அடிக்கடி மேலே வந்து வாயால் காற்றை விழுங்கும். அந்தக் காற்று இந்த அறைக்குப் போகும். மேலே வர விடாமல் தடுத்தால், மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும்!

தரையில் நடக்கும்

குளம் வற்றினால் பனையேறி வேறு நீரைத் தேடிப் போகும். செவுள் மூடியில் உள்ள முட்களைத் தரையில் ஊன்றி நகரும். உடல் ஈரமாக இருந்தால் பல மணி நேரம் உயிரோடு இருக்கும்.

1791-இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி இருந்தார். குளத்தருகே ஒரு பனைமரத்தில் இந்த மீனைக் கண்டதாக அவர் எழுதினார். ஆனால் மரம் ஏறுவது இதன் வழக்கம் அல்ல என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கூறினர். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

உயிருக்கு ஆபத்து

கையால் மீன் பிடிப்பவர் சிலர் ஒரு தவறு செய்கிறார்கள். பிடித்த மீனைப் பல்லில் கவ்விக்கொண்டு அடுத்த மீனைத் தேடுகிறார்கள். மீன் துள்ளும். வழுக்கித் தொண்டைக்குள் போய்விடும். அதன் முட்கள் விரிந்து சதையில் குத்திக்கொள்ளும். இழுத்தாலும் வராது. மூச்சுக்குழாய் அடைபடும். இப்படி உயிர் இழந்தவர்கள் உண்டு.

ஆகவே உயிருள்ள மீனை வாயில் கவ்வக் கூடாது. கூடையோ பையோ இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கும் சொல்லுங்கள். மீன் தொண்டையில் சிக்கிவிட்டால் ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள்.

பயிற்சி

1. பனையேறி ஏன் நீரின் மேலே வருகிறது?
2. தரையில் எதை ஊன்றி நகர்கிறது?
3. பிடித்த மீனை எதில் போட வேண்டும்?
4. உங்கள் ஊர்க் குளத்தில் உள்ள மீன்களின் பெயர்களை எழுதுங்கள்.