ஃபார்மட் அடித்தால் போதுமா?

சர்வீஸுக்குச் சிஸ்டத்தைக் கொண்டுவருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அண்ணே, ஃபார்மட் அடிச்சிட்டா வைரஸ் போயிடும்ல?" அநேகமாகப் போய்விடும். ஆனால் வைரஸ் எடுத்துக்கொண்டு போன பாஸ்வேர்டு அதன் ஆசாமியிடம்தான் இருக்கும். மெஷினைத் துடைப்பது பாதி வேலைதான். மீதிப் பாதியைப் பலரும் செய்வதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வந்திருப்பது வைரஸ்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது' என்று ஓயாமல் எட்டிப்பார்க்கும் பெட்டியைக் காட்டிப் பதறுகிறவர்கள் நிறைய. அது பெரும்பாலும் குரோம் காட்டும் நோட்டிஃபிகேஷன். புதுப்படம் பார்க்கப் போன ஏதோ ஒரு தளம், 'நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலௌ அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கும், இவர்களும் அழுத்தியிருப்பார்கள். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று உள்ளே போய், அனுமதி வாங்கியிருக்கும் தெரியாத தளங்களை நீக்கினால் நின்றுவிடும். பெட்டியைச் சொடுக்கினால்தான் ஆபத்து. சில நேரம் திரை முழுவதும் சிவப்பாகி, மைக்ரோசாஃப்ட் பெயரில் ஒரு போன் நம்பர் வரும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. அழைக்காதீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கிறதா? உள்ளே இருந்தவை பெரும்பாலும் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. ஷார்ட்கட்டைத் திறக்காமல் ஸ்கேன் செய்துவிட்டு, மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி எக்ஸ்ப்ளோரரில் மாற்றிப் பாருங்கள்.

நிஜமாகவே ஏதோ புகுந்துவிட்டது என்று தோன்றினால் வைஃபையை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குள் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. அதற்கு முன்னால் அப்டேட்டுக்காக மட்டும் சிறிது நேரம் இணையத்தைக் கொடுத்தால் போதும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது சில புரோகிராம்கள் ஸ்கேனரின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். ஆஃப்லைன் ஸ்கேன் விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடுவதால் அவற்றுக்கு அந்த வசதி இல்லை. கால் மணி நேரம் ஆகும்.

ஸ்கேனுக்கு முன்னால் நான் தவறாமல் திறந்து பார்ப்பது எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலை. 'இதையெல்லாம் சோதிக்காதே' என்று டிஃபெண்டரிடம் சொல்லிவைக்கும் இடம் அது. கிராக் சாஃப்ட்வேர் போட்ட சிஸ்டங்களில் சி டிரைவ் முழுவதையுமே அதில் சேர்த்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் 'எதுவும் இல்லை' என்று ஸ்கேன் சொன்னால் அதற்கு மதிப்பே இல்லை. அதேபோல, வீட்டு கம்ப்யூட்டரின் குரோம் மெனுவில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் சந்தேகப்படுங்கள். சில ஆன்டிவைரஸ்களாலும் அது வரலாம். அப்படி எதுவும் இல்லாத வீட்டில் வந்தால், பிரவுசருக்குள் யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள்.

போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் வீட்டு சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆல்பம் டிசைனுக்காகக் கிராக் செய்த எடிட்டிங் சாஃப்ட்வேரை டவுன்லோட் செய்திருக்கிறார். கல்யாணப் படங்கள் எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து வால் ஒன்று ஒட்டியிருந்தது, எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் 490. ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று அழைக்கப்படும் ரான்சம்வேர் குடும்பத்தின் கடிதம் அது. அதன் சில வகைகளுக்கு எம்ஸிசாஃப்ட் நிறுவனம் 2019-இல் இலவசமாகத் திறவுகோல் வெளியிட்டது. பூட்டும்போது இணையத் தொடர்பு இல்லாமல், நிரலுக்குள்ளேயே இருந்த பொதுச் சாவியை அது பயன்படுத்தியிருந்தால் மீட்க வாய்ப்பு உண்டு. அவருக்குப் போடப்பட்டிருந்தது தனிச்சாவி. பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் வேறொரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைக்கச் சொன்னேன். யூரோபோல் பங்கேற்கும் 'நோ மோர் ரான்சம்' தளத்தில் புதிய திறவுகோல்கள் வரும்போது முயன்று பார்க்கலாம்.

அவர் கவலை முழுக்கப் படங்களில் இருந்தது. எனக்கோ அவருடைய ஜிமெயில் பற்றித்தான் பயம். இந்த ரான்சம்வேர் பல நேரங்களில் பாஸ்வேர்டு திருடும் புரோகிராம் ஒன்றையும் கூட்டிக்கொண்டு வரும். அவர் போனிலேயே கூகுள் கணக்கைத் திறந்து டிவைஸ் பட்டியலைப் பார்த்தோம். அவருக்குத் தெரியாத ஒரு கம்ப்யூட்டர் அதில் இருந்தது.

இப்படிப்பட்ட சிஸ்டத்துக்கு நான் ஃபார்மட்தான் சொல்வேன். அதையும் முழுதாகச் செய்ய வேண்டும். நம் ஊரில் சி டிரைவை மட்டும் துடைத்துவிட்டு, டி டிரைவில் கிடக்கும் 'சாஃப்ட்வேர்' ஃபோல்டரிலிருந்து அதே கிராக்கை மறுபடி போட்டுக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. நோய் அந்த ஃபோல்டரில்தான் உட்கார்ந்திருக்கிறது. படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அழியுங்கள். விண்டோஸ் போடும் பென்டிரைவை வேறொரு நல்ல சிஸ்டத்தில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே தயார் செய்யுங்கள். 8 ஜிபி போதும்.

பாஸ்வேர்டு மாற்ற அந்த வேலை முடியும்வரை காத்திருக்க வேண்டாம், போனிலிருந்தே உடனே மாற்றிவிடுங்கள். பாதிக்கப்பட்ட சிஸ்டத்தில் உட்கார்ந்து மாற்றினால் புதியதும் திருடன் கைக்குப் போகும். முதலில் ஈமெயில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் ரீசெட் லிங்க்கும் அங்கேதான் வரும். பிறகு வங்கி, அதன் பிறகு மற்றவை. மாற்றியதோடு நிற்காமல் 'எல்லா டிவைஸிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். பிரவுசரில் இருக்கும் லாகின் குக்கீயைத் திருடியவனுக்குப் பாஸ்வேர்டும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை. பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும். அந்தச் சிஸ்டத்தில் மனைவியும் பிள்ளைகளும் லாகின் செய்திருந்தால் அவர்களுடைய கணக்குகளுக்கும் அன்றைக்கே இதையெல்லாம் செய்துவிடுங்கள்.